கட்டுரை வந்தது, வாசகர் வரவில்லை: புது எழுத்தாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாளிதழில் கட்டுரை வந்துவிட்டது. யூடியூப் சேனல் ஒன்றில் முக்கால் மணி நேரப் பேட்டியும் ஆயிற்று. மாவட்டப் புத்தகத் திருவிழாவில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டு மாதம் கழித்துப் பதிப்பாளரிடம் கேட்டால் விற்பனை இருந்த இடத்திலேயே இருக்கிறது. உடனே, 'தமிழில் யார் சார் படிக்கிறாங்க' என்று அலுத்துக்கொள்வது வழக்கம். அதெல்லாம் படிக்கிறார்கள். நம் பின்னால் வர அவர்களுக்கு வழி வைத்தோமா என்பதுதான் கேள்வி.

முதல் தவறு, இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே நடக்கிறது. இலக்கியக் கூட்டங்களில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேராவது எழுதுகிறவர்களாக இருப்பார்கள். அவர்களும் தங்கள் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஆள் தேடுகிறவர்கள்தான். நட்புக்கு அது நல்ல இடம், புது வாசகருக்கு அவ்வளவு நல்ல இடமல்ல. பாரம்பரிய நெல்லைப் பின்னணியாக வைத்து நாவல் எழுதியவர் ஒரு விவசாய இதழுக்கு நாலு பக்கம் எழுதலாம். ஆஸ்பத்திரி வாழ்க்கையைக் கதையாக்கியவர் செவிலியர் கல்லூரியில் ஒரு மணி நேரம் பேசலாம். அங்கே உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது, ஆனால் நீங்கள் எழுதிய விஷயம் எல்லோருக்கும் தெரியும். பெரிய பெயருள்ள இதழில் வந்தால்தான் கௌரவம் என்று காத்திருப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

அப்புறம், எங்கும் போகாமல் கிடந்த கட்டுரையைத் தூசி தட்டி அனுப்புவது. சொந்தப் பக்கத்தில் சுமாராக எழுதினால் பழகிய வாசகர் பொறுத்துக்கொள்வார். புது இடத்தில் அந்த ஒரு கட்டுரையை வைத்துத்தான் உங்களை எடை போடுவார்கள். கல்கி 1920களின் கடைசியில் வெளியிலிருந்துதான் ஆனந்த விகடனுக்கு நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதினார். சிரிக்க வைக்கும் எழுத்தைத் தேடி வந்தவர்களுக்கு அதையே நன்றாகக் கொடுத்தார். பிறகு அதே இதழுக்கு ஆசிரியரானார், 1941-ல் தனியாக 'கல்கி' இதழையே தொடங்கினார். யாருடைய வீட்டில் எழுதுகிறோமோ அந்த வீட்டுக்காரரின் ரசனை தெரிந்திருக்க வேண்டும். குறைந்தது கடைசி மூன்று நான்கு இதழ்களையாவது முழுக்கப் படித்துவிட்டு எழுதுங்கள்.

அனுப்பும் முறையிலும் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பினால் அங்கே திறக்கும்போது வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். யூனிகோடில் இருக்கட்டும், பிடிஎஃப் வேண்டாம். ஒரே கட்டுரையை நாலு இதழ்களுக்கு ஒரே நாளில் அனுப்பாதீர்கள். இரண்டில் வந்துவிட்டால் இரண்டு ஆசிரியர்களும் உங்களை மறக்க மாட்டார்கள், நல்ல விதமாக அல்ல. தீபாவளிக்கான கட்டுரையைத் தீபாவளிக்கு முந்தின வாரம் அனுப்புகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மலர் வேலை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும்.

இனி, நான் அதிகம் பார்க்கிற தவறு. கட்டுரையின் அடியில் வருமே, அந்த ஆசிரியர் குறிப்பு. 'கட்டுரையாளர் எழுத்தாளர், கவிஞர், சமூக ஆர்வலர், பல விருதுகள் பெற்றவர்.' இதைப் படித்துவிட்டு ஒருவர் என்ன செய்ய முடியும்? 'கடலூர்ப் பக்கத்து மீனவர் வாழ்க்கையைக் கதைகளாக எழுதி வருபவர். புத்தகம் வேண்டுவோர் பதிப்பகத்தின் வாட்ஸாப் எண்ணில் கேட்கலாம்' என்று எழுதி, எண்ணையும் கொடுத்தால் கை தானாகப் போனைத் தேடும். கட்டுரைக்குள்ளேயே 'என் நாவலில் சொல்லியிருப்பதுபோல' என்று மூன்று தடவை எழுதுவதைவிட இது மேல். சில நாளிதழ்கள் 'தொடர்புக்கு' என்று மின்னஞ்சலை மட்டும்தான் போடும். சரி, அதையாவது வாரம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டாமா? வாசகர் எழுதிய நாலு வரிக்குப் பதிலே போடாதவர்கள் இருக்கிறார்கள். ஃபேஸ்புக்கில் தேடி வருகிறவருக்குப் போன வருஷம் போட்ட பொங்கல் வாழ்த்துதான் கண்ணில் படுகிறது என்றால், வந்தவர் அப்படியே திரும்பிவிடுவார்.

மேடைக்கு வருவோம். கொடுக்கிற இருபது நிமிடத்தில் மேடையில் இருக்கும் அத்தனை பேரையும் 'அவர்களே, அவர்களே' என்று விளித்து முடிக்கவே ஐந்து நிமிடம் போய்விடுகிறது. பேச்சு நன்றாகவே அமைந்தாலும் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று சொல்லாமல் இறங்கிவிடுகிறார்கள். சென்னைப் புத்தகக் காட்சி மாதிரி நூற்றுக்கணக்கான அரங்குகள் உள்ள இடத்தில், கேட்டவர் தானே தேடிக் கண்டுபிடிப்பார் என்பது பேராசை. அரங்கு எண்ணை இரண்டு முறை சொல்லுங்கள். முன்கூட்டியே பதிப்பாளரிடம் பேசி அங்கே பிரதிகள் இருக்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். கல்லூரிக்குப் போனால் பத்துப் பிரதியைக் கையோடு கொண்டுபோகலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாங்குகிறவரிடம் 'எப்படிக் கேள்விப்பட்டீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். அடுத்து எங்கே போகலாம் என்பதற்கு அதைவிட நல்ல துப்பு கிடையாது.

யூடியூப் பேட்டியில் கேட்பவர் உங்கள் புத்தகத்தைப் படித்திருப்பார் என்று நம்பிப் போகாதீர்கள். முந்தின வாரமே புத்தகத்தோடு ஒரு பக்கக் குறிப்பும் அனுப்பினால் கேள்விகள் உருப்படியாக இருக்கும். இல்லாவிட்டால் 'உங்க எழுத்துப் பயணம் பத்திச் சொல்லுங்க' என்பதில் தொடங்கி அதிலேயே முடியும். அதைவிட ஆபத்து, யாரைப் பற்றியோ போகிறபோக்கில் சொன்ன ஒரு வரி. வீடியோவுக்கு அதுதான் தலைப்பாகும். பார்வை எண்ணிக்கை லட்சத்தைத் தொடலாம், வந்தவர்கள் சண்டை பார்க்க வந்தவர்கள். அவர்களில் எத்தனை பேர் நாவல் வாங்குவார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உரிமை விஷயத்தையும் கவனிக்காமல் விடுகிறார்கள். இதழில் ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதும் கட்டுரைக்குப் பொதுவாக நீங்கள்தான் உரிமையாளர். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாமல் கையெழுத்துப் போட்டால் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். பின்னால் தொகுப்பாகப் போடும் எண்ணம் இருந்தால், 'என் நூலில் சேர்த்துக்கொள்வேன், முதலில் வெளியிட்ட இதழின் பெயரைக் குறிப்பிடுவேன்' என்று கட்டுரை அனுப்பும் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் சரி என்றே பதில் போடுவார்கள்.