டிரெய்லர் இழுக்க டிரக்கா? முதலில் கதவைத் திறந்து பாருங்கள்
அமெரிக்காவில் சின்ன டிராவல் டிரெய்லர் (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதியுள்ள டிரெய்லர்) இழுக்க பிக்கப் டிரக் தேடுபவர்கள், விளம்பரத்தில் வரும் இழுவைத் திறனைப் பார்ப்பதற்கு முன் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் டயர் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சுமையும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் இருக்கும். பெரும்பாலும் முதலில் இடிப்பது அந்த எண்தான்.

டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (டிரெய்லரை டிரக்கோடு இணைக்கும் கொக்கி) வழியாக டிரக்கின் மேலேயே இறங்கும். சாமான்களோடு 5,000 பவுண்டு வரும் டிரெய்லர் என்றால் 750 பவுண்டு வரை. ஸ்டிக்கரில் 1,400 என்றிருந்தால் மிச்சம் 650. ஓட்டுநர், குடும்பம், நாய், ஐஸ் பெட்டி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். டிரெய்லரின் காலி எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள் (விற்பவர் அதைத்தான் சொல்வார்), சாமான்களோடு அதற்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடையை எடுங்கள். ஒரே டிரக் மாடலிலும் சன்ரூஃப், நான்கு சக்கர இயக்கம் என்று சேரச் சேர ஸ்டிக்கரில் உள்ள எண் குறையும். அதனால் வாங்கப்போகும் அதே வண்டியின் ஸ்டிக்கர்தான் கணக்கு.

1,500 பவுண்டுக்குள் அடங்கும் டியர்டிராப் (கண்ணீர்த் துளி வடிவச் சிறிய) டிரெய்லருக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். டிரக்கின் பின்பகுதிக்குள் மாட்டும் ஃபிஃப்த் வீல் வகைக்கு இந்தச் சதவீதம் பொருந்தாது. அங்கே 20 சதவீதத்தையும் தாண்டலாம்.