மிளகாய் இலை சுருண்டால் உடனே வெயில்மேல் பழி போடாதீர்கள்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் எனக்கு வரும் வாட்ஸ்அப் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். குரோ பேக்கில் ஒரு மிளகாய்ச் செடி, சுருண்ட இலை, கீழே ஒரு வரி: "அக்கா, வெயில் தாங்கலை போல, நிழல்வலை கட்டிடவா?" போன வாரம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி படம் அனுப்பாமல் நேரிலேயே வந்து கூட்டிப் போனாள். போய்ப் பார்த்தால் மாடியில் ஏற்கெனவே பச்சை வலை கட்டியாகிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே மதுரையில் இதே காரியத்தைச் செய்து 18 செடிகளைப் பறிகொடுத்தவள் நான்.

தண்ணீர் ஊற்ற மறப்பது, பையில் ஓட்டை போடாமல் விடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு செடி செத்தால் அது தானாகப் புரிந்துவிடும். வெயிலையும் பூச்சியையும் குழப்பிக்கொண்டு நாம் செய்யும் தப்புகள் மட்டும்தான் கீழே.

முரணையை (இலைச் சாறு உறிஞ்சும் நுண்ணிய சிலந்தி) வெயில் என்று நினைப்பது

அந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் இரண்டு நாள் கோடைமழை பெய்து ஓய்ந்தது. அப்புறம் சுள்ளென்று வெயில். நாலைந்து நாளில் ஒரு செடியின் நுனி இலைகள் கீழ்நோக்கி வளைந்து, கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரி ஆயின. காம்பு மட்டும் நீண்டுகொண்டே போனது. அடியில் இருந்த பழைய இலைகள் ஜம்மென்று இருந்தன. நான் அதைக் கவனித்தேன், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை. வெயில் என்றால் பல மாதமாக வெயில் தின்ற இலையை விட்டுவிட்டு, நேற்றுப் பிறந்த துளிரை மட்டும் ஏன் பிடிக்க வேண்டும்?

முதலில் 50 சதவீத நிழல்வலை கட்டினேன். அப்புறம் செடி குளிரட்டும் என்று சாயங்காலம் இலைமேல் தண்ணீர் தெளித்தேன். மஞ்சள் முரணைச் சிலந்திக்கு வேண்டியதே நிழலும் ஈரக் காற்றும்தான். காசு கொடுத்து அதற்குப் பந்தல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றதால் பரவவும் சிரமமில்லை. வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டுகூட அடுத்த செடிக்குப் போகும் ஜீவன் அது. அளவு 0.2 மில்லிமீட்டர்தான், வெறும் கண்ணுக்கு எட்டாது. "பூச்சியே இல்லையே" என்று நான் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததெல்லாம் வீண்.

இதில் இன்னும் எரிச்சல் தருவது அடுத்து நடந்தது. இரண்டு வாரம் கழித்து, இது வெயில் இல்லை என்று உறைத்ததும் உரக்கடைக்கு ஓடினேன். "இலைச் சுருட்டலா? இதை அடிங்க" என்று இமிடாகுளோபிரிட் கொடுத்தார் கடைக்காரர். அது இலைப்பேன், அசுவினி, வெள்ளை ஈ மாதிரி சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கான மருந்து. சிலந்திக்கு எட்டுக் கால், அது பூச்சி இனமே கிடையாது, அந்த மருந்து அதை ஒன்றும் செய்யாது. கேட்காமல் வாங்கியது என் தப்புதான், ஆனால் என்ன சுருட்டல் என்று அவராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஜூன் முதல் வாரம் 18 பைகளையும் காலி செய்தேன். வலை மட்டும் மிச்சம்.

சரி, எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது இலை எந்தப் பக்கம் வளைகிறது என்பதை. கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் முரணை. மேல்நோக்கிக் குவிந்தால் இலைப்பேன், அல்லது வெயில். இந்த இடத்தில்தான் ஆட்கள் மறுபடி வழுக்குவார்கள். வெயிலுக்கு மடங்கிய இலை வழவழப்பாக இருக்கும், பொழுது சாய்ந்ததும் விரிந்துவிடும். இலைப்பேன் உறிஞ்சிய இலை நரம்புகளுக்கு நடுவே சுருக்கம் விழுந்து, அடியில் வெள்ளி பூசியது போலவோ பழுப்பாகவோ கோடு விட்டிருக்கும். அது எந்த நேரத்திலும் விரியாது. சந்தேகம் என்றால் நுனியை ஒரு வெள்ளைத் தாள்மேல் தட்டுங்கள். வெளிர்மஞ்சளாக, மெல்லிசாக ஏதாவது ஓடினால் இலைப்பேன். எதுவும் ஓடவில்லை என்றால் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்துத் துளிரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நான் இழந்த செடிகளோடு ஒப்பிட்டால் லென்ஸ் விலை ஒன்றுமே இல்லை.

அடுத்தது, எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பது. வெயில் ஆள் பார்க்காது. மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி மிளகாய், கத்தரி, வெண்டை எது நின்றாலும் ஒரே நாளில் வாடும். இலை ஓரம் காகிதம் மாதிரி காயும், காயில் வெயில் படும் பக்கம் மட்டும் வெளுத்துத் தோல் மெலியும். முரணையும் இலைப்பேனும் ஒரு பையில் ஆரம்பித்துப் பக்கத்துப் பைக்கு நகரும். நிழலில் நிற்கும் செடியும் சுருண்டிருந்தால் வெயிலை விட்டுவிடுங்கள்.

மத்தியான வாட்டத்தைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவது

காலை ஆறு மணிக்குப் பாருங்கள். அப்போதும் தொங்கினால் மண்ணுக்குள் விரலை விடுங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம், வேரில்தான் ஏதோ கோளாறு.

வெயிலும் சிலந்தியும் சேர்ந்து வராது என்று நம்புவது

வரும். அதுவும் சிவப்புச் சிலந்திக்குக் காய்ந்த வெயில்தான் கொண்டாட்டம், முரணைக்கு நேர் எதிர். இலைமேல் ஊசியால் குத்தியது போல் மஞ்சள் புள்ளிகள் விழும். வெயிலில் வெளுக்கிறது என்று விட்டுவிடுவோம். தண்ணீரைப் பனிபோலத் தெளித்துப் பாருங்கள், நூலாம்படை பளிச்சென்று தெரியும்.

பூ கொட்டினாலே பூச்சிதான் என்பது

இது தலைகீழ்த் தவறு. பகலில் 35 டிகிரிக்கு மேல் போய், இரவிலும் சூடு இறங்காவிட்டால் மிளகாய் பூவை உதிர்க்கத்தான் செய்யும். மகரந்தம் கெட்டுப் போகிறது, அதற்கு மருந்து கிடையாது. ஆனாலும் உதிர்ந்த பூவை ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். 2021 கடைசியில் ஆந்திரா, தெலங்கானா மிளகாய்க் காடுகளை நாசம் செய்த கருப்பு இலைப்பேன் பூவுக்குள்தான் குடியிருக்கும். இதழில் பழுப்புத் தழும்பும் உள்ளே ஓட்டமும் இருந்தால் வெயிலைக் குறை சொல்ல முடியாது.

வெயிலில் வேப்பெண்ணெய் அடிப்பது

இலை வெந்துவிடும், அதையும் பூச்சிக் கணக்கில் எழுதுவீர்கள். லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், வெயில் இறங்கிய பிறகு.

முரணைக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கித் தெளிக்கும் கந்தகத் தூள்) கேட்கும், லிட்டருக்கு 2 கிராம் போதும். ஆனால் 32 டிகிரிக்கு மேல் கந்தகமும் இலையைப் பொசுக்கும். மதுரை மே மாதத்தில் அதற்குக் கீழே இறங்கும் நாள் கிடைப்பதே அபூர்வம். அதனால் நான் முதலில் சுருண்ட நுனிகளைக் கிள்ளிப் பையில் கட்டித் தூக்கிப் போடுவேன், பைகளை விலக்கி வைப்பேன், மேகம் மூடி வெக்கை தணிந்த மாலைக்காகக் காத்திருப்பேன். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் கழியாமல் கந்தகத்தைத் தொட மாட்டேன்.

வைரஸ் நோய் பிடித்த செடியை வைத்துக்கொண்டு அழுவது

பிடுங்குங்கள். வெள்ளை ஈ அந்த நோயை மற்ற செடிகளுக்குக் கொண்டுபோவதற்குள்.

சுருண்ட இலை நிமிரும் என்று காத்திருப்பது

நிமிராது. மருந்து கேட்டிருந்தாலும் பழைய இலை அப்படியேதான் இருக்கும். இது தெரியாமல் மூன்று நாளுக்கு ஒரு மருந்தாக மாற்றி மாற்றி அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்து வரும் துளிரைப் பாருங்கள், பத்து நாள் பொறுங்கள்.

பக்கத்துத் தெருப் பெண்ணின் வலையை அன்றைக்கே அவிழ்த்தோம். மூன்று செடிகள் தேறாது என்று பிடுங்கியாயிற்று. மிச்சமிருந்த ஒன்பதிலும் நுனியைக் கிள்ளினோம், அவளுக்குக் கையே வரவில்லை. நேற்று படம் அனுப்பியிருந்தாள். ஒரு கணுவில் தட்டையாக இரண்டு புது இலை. பின்னால் மங்கலாகத் தெரிந்த பையில் இன்னும் சுருள்தான்.