பழைய வான் வாங்குகிறீர்களா? எஞ்சினை விட்டுவிட்டு அடியைப் பாருங்கள்

ரொறன்ரோவுக்கு வந்து, அப்பா அம்மாவையும் கூப்பிட்டு, பிள்ளைகளோடு வீடு நிறைந்ததும் எல்லோரும் தேடுவது ஏழு பேர் இருக்கக்கூடிய ஒரு வானைத்தான். கையில் உள்ள காசுக்குப் பத்துப் பதினைந்து வருடம் ஓடியதுதான் கிடைக்கும். வாங்குங்கள், பிழையில்லை. ஆனால் ஊரில் பார்ப்பதுபோல இங்கே பார்க்காதீர்கள்.

ஊரில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிச் சத்தம் கேட்போம், புகையின் நிறம் பார்ப்போம். நானும் அதைத்தான் செய்தேன், எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. விற்றவர் எங்கள் ஆள். "சேஃப்டி செய்துதான் தாறன், யோசிக்காதேங்கோ தம்பி" என்றார். சேஃப்டி என்றால், வண்டி ஓடத் தகுந்தது என்று கராஜில் சோதித்துக் கொடுக்கும் சான்றிதழ். 5,200 டொலர் எண்ணிக் கொடுத்தேன். அடிப்பக்கம் கன்னங்கரேலென்று புதுப் பூச்சு இருந்ததைப் பார்த்து, நன்றாகப் பராமரித்திருக்கிறார் என்று நம்பினேன்.

இங்கே பனிக்காலம் முழுக்க வீதியில் உப்புக் கொட்டுவார்கள், அது அடித்தகட்டைத் தின்றுவிடும். ஸ்பெயார் ரயரைத் தாங்கும் கம்பி கறள் பிடித்து அறும் என்று 1998 முதல் 2010 வரையான சியன்னா வான்களை ரொயோட்டாவே 2010இல் திருப்பி அழைத்தது. மார்ச் மாதம் ஒயில் மாற்றப் போன இடத்தில் என் வானை உயர்த்தி, சறுக்குக் கதவுக்குக் கீழேயுள்ள விளிம்பை மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் மெல்லக் குத்தினார். பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது, ஊறிய தேயிலைத் தூள் மாதிரிக் கறள் கொட்டியது. அந்தக் கதவோரம்தான் என் மகள் இருப்பாள். வெட்டி ஒட்ட 2,800 டொலர் போனது. காசைவிட, ஊர்க்காரன் என்று நம்பினேனே, பிள்ளையை ஏற்றிப் போகும் வண்டியில் கறளைப் பூச்சால் மறைத்துத் தந்தாரே என்ற கோபம் இன்னும் அடங்கவில்லை.

சேஃப்டி சான்றிதழ் வண்டியைப் பெயர் மாற்ற 36 நாளுக்குச் செல்லும், அவ்வளவுதான். சோதித்த அன்றைய நிலையைச் சொல்லுமே தவிர உத்தரவாதம் இல்லை. அதனால் விற்பவருக்குத் தெரியாத ஒரு கராஜுக்கு நீங்களே கொண்டுபோய், உயர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். புதுக் கறுப்புப் பூச்சு இருந்தால் கட்டாயம் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் சித்தப்பாவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

மற்றதெல்லாம் லேசு. வண்டியின் பதிவு விபரம் உள்ள அரசுப் பத்திரமான 20 டொலர் வாகனத் தகவல் பொதியை விற்பவர்தான் எடுத்துத் தரவேண்டும், வண்டியில் கடன் இருக்கிறதா என்று அதில் பாருங்கள். பிளேட் அவரோடு போய்விடும். விலையைக் குறைத்து எழுதினாலும், புத்தக விலை (பழைய வண்டிகளின் விலைப்பட்டியலில் உள்ள மதிப்பு) கூடவென்றால் 13% வரி அதற்குத்தான். இன்சூரன்ஸ் எவ்வளவு என்று வாங்குமுன் கேளுங்கள். அப்புறம், ஒவ்வொரு வருடமும் பனி விழுமுன் அடிக்கு ஒயில் ஸ்பிரே அடித்துவிடுங்கள்.