ராத்திரியில் கால் காந்துகிறதா? முதலில் தொட்டுப் பாருங்கள்

பகலெல்லாம் ஒன்றும் தெரியாது. விளக்கை அணைத்துப் போர்வையை இழுத்துவிட்டால் போதும், உள்ளங்கால் திகுதிகுவென்று காந்த ஆரம்பித்துவிடும். ‘உடம்புச் சூடு’ என்று சொல்லித் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் இதில் பல வகை உண்டு. ஒன்றுக்குச் சரியான வைத்தியம் இன்னொன்றுக்கு உதவாது.

தூக்கம் நெருங்கும்போது உடம்பு தன் உள்வெப்பத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்காகக் கை கால்களில் ரத்தக் குழாய்கள் விரியும். அதனால் படுத்ததும் பாதம் கொஞ்சம் கதகதப்பாவது இயல்பு. தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் போனால்தான் கவனிக்க வேண்டும்.

படி 1: தொட்டுப் பாருங்கள்

எரிச்சல் உச்சத்தில் இருக்கும்போதே எழுந்து விளக்கைப் போடுங்கள். புறங்கையைப் பாதத்தின்மேல் வையுங்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே வையுங்கள். இரண்டு காலையும் ஒப்பிடுங்கள்.

உள்ளே நெருப்பாக எரிகிறது, ஆனால் தோல் சாதாரணமாகவோ ஜில்லென்றோ இருக்கிறது என்றால், நரம்புப் பக்கம் சந்தேகப்படலாம். மதமதப்பும் ஊசி குத்துவதும் சேர்ந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அதிகம் பார்ப்பது இதைத்தான்.

தோல் நிஜமாகவே சுட்டு, சிவந்து, குளிர்ச்சி பட்டால் அடங்கினால் அது எரித்ரோமெலால்ஜியா என்ற நோயாக இருக்கலாம். அபூர்வம்தான். சிவப்பாக இருக்கும்போதே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் போகும் நேரத்தில் கால் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்!

சூட்டைவிடக் குடைச்சல்தான் அதிகம், காலை ஆட்டாமல் இருக்க முடியவில்லை, எழுந்து நடந்தால் சரியாகிறது என்றால் ‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்’ ஆக இருக்கலாம்.

விரல் இடுக்கையும் விட்டுவிடாதீர்கள். வெளுத்து, உரிந்து, அரித்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். பூஞ்சைக்கான கிரீமிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்புறம், கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பின்மீது கட்டைவிரலால் சில நொடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் நீர் கோத்திருக்கிறது.

படி 2: இன்று ராத்திரிக்கு

குளிர்ந்த தண்ணீரில் 10 முதல் 15 நிமிடம் பாதத்தை வையுங்கள். ஐஸ் வேண்டாம். உணர்வு குறைந்த காலில் ஐஸ் தோலைப் புண்ணாக்கினாலும் தெரியாது. எரித்ரோமெலால்ஜியா உள்ளவர்கள் சுகமாக இருக்கிறதென்று ஐஸ் தண்ணீரிலேயே காலை வைத்திருந்து தோலைக் கெடுத்துக்கொள்வது உண்டு. மரத்துப்போன கால் என்றால் தண்ணீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள். வெளியே எடுத்ததும் விரல் இடுக்கை ஒற்றித் துடையுங்கள்.

நீர் கோத்திருந்தால் சிறிது நேரம் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கலாம். குடைச்சல் வகைக்குத் தண்ணீரைவிட ஆடுசதையைப் பிடித்துவிடுவதும், கொஞ்சம் நடப்பதும் நன்றாகக் கேட்கும்.

படி 3: படுக்கை

பருத்தி விரிப்பு, பாதத்துக்கு ஃபேன் காற்று. போர்வை உரசினாலே எரிகிறதா? பாதத்துக்கு இரு பக்கமும் தலையணையை நிறுத்தி, போர்வை அதன்மேல் நிற்கும்படி செய்யுங்கள்.

படி 4: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

எப்போது தொடங்கியது, ஒரு காலா இரண்டுமா, அன்று மாலை காபியோ மதுவோ உண்டா, புதிதாக ஏதாவது மாத்திரையா? சில அலர்ஜி மாத்திரைகளும், மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் கால் குடைச்சலைக் கிளப்பிவிடும். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

படி 5: ரத்தப் பரிசோதனை

தொடர்ந்து எரிந்தால் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். சர்க்கரை, பி12, தைராய்டு, சிறுநீரகம், இவைதான் வழக்கமாகப் பார்ப்பவை. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடங்களாகச் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். ரத்தசோகை இல்லாமலேகூட அது நரம்பைப் பாதிக்கும். சத்துக் குறைவால் வரும் பாத எரிச்சலை 1946-ல் விரிவாக எழுதியவர் ஊட்டச்சத்து விஞ்ஞானி சி. கோபாலன், அதற்கு கிரியர்சன்-கோபாலன் சின்ட்ரோம் என்றே பெயர்.

அதைப் படித்துவிட்டு வைட்டமின் மாத்திரையை நீங்களாகவே அள்ளிப் போட வேண்டாம். பி6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுத்து எரிச்சலை உண்டாக்கும்.

குடைச்சல் வகை என்றால், உடம்பில் சேமிப்பில் உள்ள இரும்புச் சத்தைக் காட்டும் ஃபெரிட்டினையும் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று இருந்தாலும், ஃபெரிட்டின் 75 ng/mL-க்குக் கீழே என்றால் இரும்புச் சத்து கொடுக்கலாமா என்று மருத்துவர்கள் யோசிப்பார்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

காலில் ஆறாத புண், மேலே மேலே ஏறும் மரமரப்பு, திடீர் பலவீனம், சிறுநீர் கட்டுப்பாடு போவது ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, ஆடுசதை வலித்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். அந்தக் காலை மட்டும் யாரையும் தேய்த்துவிட விடாதீர்கள்.