கேரம் போட்டி நேரலைக்குப் பார்வையாளர்களைச் சேர்ப்பது எப்படி?

இரண்டு முறை உலகச் சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் சென்னைப் பெண்தான். கேரம் போர்டைத் தொடாமல் வளர்ந்தவர்கள் நம்மிடையே குறைவு. இருந்தும் மாவட்டப் போட்டியின் நேரலையைப் பார்க்க ஆள் சேர்வதில்லை. ஆட்டம் தெரிந்த கூட்டம் இருக்கிறது, அதைத் திரைமுன் உட்கார வைப்பதுதான் நம் வேலை.

படி 1: கணக்கைத் தயார் செய்யுங்கள்

யூடியூபில் முதன்முறை நேரலையை இயக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். போன் வழியே நேரலை செய்ய 50 சந்தாதாரர்களாவது வேண்டும். அதனால் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

படி 2: கேமரா

போர்டுக்கு நேர் மேலே விளக்கு தொங்கும், அங்கே கேமராவை வைத்தால் விளக்கு மறைத்துவிடும். ஆடுபவருக்குப் பின்னால் வைத்தால் தோள் மறைக்கும். என் முதல் நேரலை முழுக்க ஒருவருடைய முதுகைத்தான் காட்டியது. போர்டின் ஒரு மூலைப் பக்கம், விளக்குக்குச் சற்று வெளியே, உயரத்திலிருந்து சாய்த்து வையுங்கள். நான்கு பாக்கெட்டும் தெரிய வேண்டும். விளக்கொளியில் படம் துடித்தால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடிக்கு மாற்றுங்கள். நெட் மெதுவாக இருந்தால் 720பி போதும். படம் கொஞ்சம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், நின்று நின்று வந்தால் போய்விடுவார்கள்.

படி 3: ஆட்டத்தைச் சொல்லுங்கள்

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். வீட்டில் காய்க்கு இத்தனை பாயிண்ட் என்று எண்ணி ஆடியவருக்குப் போட்டிக் கணக்கு புரியாது. இதில் ஒருமுறை அடுக்கிய காய்களை ஆடி முடிப்பது ஒரு போர்டு. அதை வென்றவருக்கு எதிராளியின் காய் எத்தனை மிச்சமோ, அத்தனை பாயிண்ட். ரெட்டையும், அதை உறுதிசெய்ய அடுத்துப் போட வேண்டிய தன் காயான ஃபாலோவையும் போட்டவரே போர்டை வென்றால் கூடுதலாக 3. ஆனால் 22 பாயிண்டைத் தொட்டவருக்கு ரெட்டின் பாயிண்ட் கிடையாது. 25 பாயிண்ட் எடுத்தாலோ எட்டு போர்டு முடிந்தாலோ ஒரு கேம் முடியும்.

இதை ஒவ்வொரு மேட்ச் தொடக்கத்திலும் அலுக்காமல் சொல்லுங்கள். ஸ்கோர், எத்தனையாவது போர்டு, யாருக்கு வெள்ளை என்பதெல்லாம் எப்போதும் திரையில் இருக்கட்டும், பாதியில் வருபவர் அதைத்தான் முதலில் தேடுவார். ஆட்டம் அறிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். "ரெட்டை எடுத்துட்டார், ஆனா ஃபாலோ வெள்ளை ஓரத்துல ஒட்டிக் கிடக்கு" என்று அவர் சொன்னால் பார்ப்பவர் அடுத்த அடிக்காகக் காத்திருப்பார். அடிக்கும் நொடியில் மட்டும் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். காய் விழும் சத்தம் கேட்க வேண்டும்.

படி 4: யாரிடம் சொல்வது?

முதல் பார்வையாளர்கள் ஆடுபவர்களின் வீட்டாரும் கிளப் நண்பர்களும்தான். டிரா, அதாவது யார் யாருடன் ஆடுவது என்ற பட்டியல், வந்ததும் இரு தரப்பு வாட்ஸ்அப் குழுக்களுக்கும் லிங்க்கையும் நேரத்தையும் அனுப்புங்கள். தலைப்பில் "லைவ்" என்று மட்டும் போடாமல் ஆடுபவர்கள் பெயரையும் சுற்றையும் எழுதுங்கள். சிறுவர்கள் ஆடினால் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் முகத்தையோ பெயரையோ காட்ட வேண்டாம்.

படி 5: முடிந்த பிறகு

ஐந்து மணி நேரப் பதிவை யாரும் முழுதாகப் பார்க்கமாட்டார்கள். 0:00-இலிருந்து தொடங்கி ஒவ்வொரு மேட்ச்சின் நேரத்தையும் விவரக்குறிப்பில் எழுதுங்கள். யாராவது ஒயிட் ஸ்லாம் போட்டிருந்தால், அதாவது பிரேக் (முதல் அடி) எடுத்தவரே எதிராளிக்கு வாய்ப்பே தராமல் ஒன்பது வெள்ளையையும் ரெட்டையும் முடித்திருந்தால், அதை அன்றிரவே தனியாக வெட்டிப் போடுங்கள். கீழே அடுத்த போட்டியின் தேதியையும் எழுதிவிடுங்கள்.