ஏழூர் வலம் முடித்த அடியார்களுக்குப் பந்தி வைக்கும் முறை

சித்திரைப் பெருவிழாவையொட்டி ஐயாறப்பரின் பல்லக்குடன் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் எனச் சுற்றித் திருவையாறு திரும்புவோர் வெயிலில் வாடி வருவார்கள் என்பதால், வந்தவுடன் இலை போடாமல், முதலில் பானகமோ உப்பிட்ட நீர்மோரோ கொடுத்து, கால் கழுவிச் சற்று நேரம் உட்கார விட வேண்டும்.

சமையல் எளிமையாக இருந்தால் போதும். வடை பாயசத்துக்கு ஆசைப்பட்டுச் சமையல்காரரை வதைக்க வேண்டியதில்லை. புளிக்காய்ச்சலை முதல் நாளே நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை சுண்டக் காய்ச்சி வைத்துக்கொண்டு, மறுநாள் சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டுக் கிளறினால், புளியோதரை மாலை வரை கெடாது. தயிர்சாதத்துக்குச் சோற்றைக் குழைய வடித்து, காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக ஊற்றி, தயிரை ஒரே ஒரு கரண்டி மட்டும் சேர்த்துப் பிசைய வேண்டும். அப்போதுதான் அந்த வெயிலிலும் பந்தி நேரத்தில் புளிப்பேறாமல் பதமாக இருக்கும். நடந்து வந்தவர்கள் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். ஆகவே 1 கிலோ அரிசிக்கு 8 பேர் என்று கணக்கிடுவது நல்லது.

முதல் பந்தியில் முதியவர்களையும் பல்லக்குச் சுமந்தவர்களையும் அமர்த்தி, சம்மணமிட முடியாதவர்களுக்கு நாற்காலி போட்டு, பரிமாறியவர்கள் கடைசிப் பந்தியில் உட்காரும்போது அவர்களுக்கும் ஊறுகாய் மிஞ்சியிருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.