டிவியா, கம்ப்யூட்டரா? ஈபி மீட்டரின் சிவப்பு விளக்கை எண்ணிப் பாருங்கள்

எங்கள் பெரம்பூர் வீட்டில் இந்த முறை ஈபி ரீடிங் 512 யூனிட். "ராத்திரி முழுக்க கம்ப்யூட்டர் ஓடினா இப்படித்தான்" என்றார் அம்மா. "பாட்டி, உங்க சீரியலை விட்டுட்டீங்களே" என்றான் மகன். யார் மீதும் பழி போடாமல் அளந்து பார்த்துவிடலாம் என்று இறங்கினோம். காசு செலவில்லாமல் நீங்களும் செய்யலாம்.

முதலில் ஒரு சின்ன கணக்கு. 1000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். அதனால் எத்தனை வாட் என்பது பாதிக் கேள்விதான். எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பது மீதிப் பாதி.

பொருளின் பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்பது போல இருக்கும். அது அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதற்கான எண். எப்போதும் அவ்வளவு இழுக்காது. லேப்டாப் சார்ஜரில் உள்ள 65 வாட்டும் அப்படித்தான். டிவியின் ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பார்கள். கடையில் இரண்டு டிவியை ஒப்பிட அது உதவும். உங்கள் வீட்டில் ஓடும் நேரம் அதற்குத் தெரியாது.

இப்போது மீட்டருக்கு வாருங்கள். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். பக்கத்திலேயே 3200 இம்பல்ஸ் என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். விளக்கு 3200 தடவை மினுக்கினால் 1 யூனிட் என்று அர்த்தம். உங்கள் மீட்டரில் வேறு எண் இருக்கலாம், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறக்கவோ ஒயரைத் தொடவோ கூடாது, பார்ப்பது மட்டும்தான்.

அப்புறம் வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள். ஃப்ரிட்ஜ் பிளக்கையும் கழற்றுங்கள், கதவைத் திறக்காமல் இருந்தால் ஓரிரண்டு மணி நேரத்தில் பால் கெட்டுவிடாது. இன்வெர்ட்டர் இருந்தால் அது சார்ஜ் ஆகாதபடி அதன் பிளக்கையும் கழற்றிவிட்டு, இன்வெர்ட்டர் லைனில் சேராத பாயிண்டில் சோதனை செய்யுங்கள். எல்லாம் அணைத்த பிறகும் விளக்கு மினுக்கினால் ஏதோ ஒன்று ஓடுகிறது. எங்கள் வீட்டில் அது சமையலறை வாட்டர் ஃபில்டர்.

சரி, இனி ஒரு பொருளை மட்டும் போட்டு, 10 நிமிடம் மினுக்கல்களை எண்ணுங்கள். எங்கள் மீட்டர் கீழே மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. மகன் கொசுக்கடியோடு அங்கே உட்கார்ந்து எண்ண, நான் மேலே ஒவ்வொன்றாகப் போட்டு போனில் சொன்னேன். எண்ணிக்கையை 6000 ஆல் பெருக்கி (ஒரு மணி நேரத்தில் ஆறு 10 நிமிடம், அதை 1000 ஆல் பெருக்கினால் 6000), மீட்டரில் உள்ள எண்ணால் வகுத்தால் வாட் கிடைக்கும்.

43 இன்ச் டிவியும் செட்டாப் பாக்ஸும் சேர்ந்து 46 மினுக்கல், அதாவது 86 வாட். பாக்ஸைத் தனியாக அளக்க 10 நிமிடம் போதாது. 20 நிமிடத்தில் 13 மினுக்கல் வந்தது. நேரம் இரட்டிப்பானதால் 6000-க்குப் பதில் 3000. சுமார் 12 வாட். ஆக டிவிக்கு 74. மானிட்டரோடு சேர்த்து டெஸ்க்டாப் 56 மினுக்கல், 105 வாட். பாடம் படிக்கும்போது வந்த கணக்கு இது. பெரிய கேம் ஓடினால் இரண்டு மடங்குக்கு மேலும் போகலாம், அதைத் தனியாக அளக்க வேண்டும். என் லேப்டாப் 16 மினுக்கல், 30 வாட். லேப்டாப்பை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு அளங்கள், இல்லாவிட்டால் பேட்டரி நிரம்பும் கரண்டும் சேர்ந்துவிடும்.

கடைசியாக வாட்டை தினசரி மணி நேரத்தால் பெருக்கி, 60 நாளால் பெருக்கி, 1000 ஆல் வகுத்தேன். ஒரு பில்லுக்கு டிவி, 6 மணி நேரம், 27 யூனிட். டெஸ்க்டாப், 3 மணி நேரம், 19 யூனிட். லேப்டாப், 8 மணி நேரம், 14 யூனிட். வாட்டில் கம்ப்யூட்டர் முந்துகிறது, யூனிட்டில் டிவி.

நாங்கள் யாருமே எதிர்பார்க்காதது செட்டாப் பாக்ஸ். ரிமோட்டில் அணைத்த பிறகும் அது கிட்டத்தட்ட அதே 12 வாட்டை இழுத்தது. டிவி பார்க்காத 18 மணி நேரத்துக்கு மட்டும் 13 யூனிட்! நான் நாள் முழுக்க வேலை செய்யும் லேப்டாப்புக்கு ஏறக்குறைய சமம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் நம் ஊரில் கட்டண அட்டவணையே மாறிவிடுகிறது. எங்கள் 512-இல் இந்த 13 இல்லாமலிருந்தால் 499.

இப்போது அம்மா சீரியல் முடிந்ததும் சுவர் ஸ்விட்சையே அணைத்துவிடுகிறார். மறுநாள் பாக்ஸ் சேனல் பிடிக்க ஒரு நிமிடம் ஆகிறது, அதனால் எட்டு மணி சீரியலுக்கு ஐந்து நிமிடம் முன்பே போட்டுவிடுகிறார்.